செந்நாய் விட்டுவைத்த பங்கு

நட்ட நடுப் பகலில், ஓடைக்கரைப் பாறையில் முத்துக்காமு அண்ணன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி வேட்டியில் விழுந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வெயில் ஏறியும் மலையில் குளிர் விடவில்லை. அவர் சட்டையோ வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

நான் மேலே மலைவாசிகளின் பளியக்குடியில் தடுப்பூசி போட்டு முடித்துவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். தேவாரம் ஊர்க்காரர். மலைமாடுகளை ஓட்டி வந்து, குடிக்குக் கீழே பட்டி போட்டு மேய்ப்பவர். நான் அந்த வழியாகப் போனால் ஒரு சொம்பு மோர் கொடுக்காமல் விடமாட்டார்.

“என்னண்ணே, காய்ச்சலா?” என்றேன்.

தலையைத் தூக்கினார். கண்பாப்பா இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன.

அந்தக் கண்ணை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை, வாழை, பருத்தி, மிளகாய் என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பூச்சிமருந்து டப்பா இருக்கும். வீட்டில் ஒரு சண்டை வந்தால் முதலில் ஒளித்துவைக்க வேண்டியது அதைத்தான்.

“என்ன மருந்துண்ணே குடிச்சீக? மறைக்காமச் சொல்லுங்க.”

“நான் குடிக்கல தாயி.”

“கண்ணு சொல்லுது. எம்புட்டுக் குடிச்சீக?”

“சத்தியமாக் குடிக்கல. கையில பட்டுச்சு. அம்புட்டுத்தான்.”

கையை விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் ஊதா நிறத்தில் குருணை ஒட்டியிருந்தது. வாழைக்குப் போடுகிற குருணை மருந்து. அந்த மலையில் ஒரு வாழை மரம் கிடையாது.

விசில் அடித்தது யார்?

இந்தத் தொடரில் இதுவரை பிரசவங்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். பனிக்குடம் உடைந்தது, ஜீப் கிடைக்காதது, தொட்டில் கட்டித் தூக்கி வந்தது. படித்தவர்கள் எல்லாரும் “உங்களுக்கு எவ்வளவு தைரியம்” என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கப் படிக்கத்தான் இந்த அத்தியாயத்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இதில் என் தைரியம் எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் இருந்த துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராக இருந்தேன். மலைக்கு மேலே பளியர்கள் பன்னிரண்டு வீடாக இருந்த ஒரு குடியும் என் கணக்கில்தான் சேர்த்தி. இரண்டரை மணி நேர நடை. ஜீப் போகாது, மாட்டு வண்டி போகாது, டாக்டரும் போகமாட்டார்.

போன முதல் மாதமே அந்த விசிலைக் கேட்டேன். புதருக்குள்ளிருந்து யாரோ ஓர் ஆள் நாக்கை மடித்து மெதுவாக விசில் அடிப்பது போல. தனியாகப் போகிற பெண்பிள்ளைக்குப் பயம் வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

“எவன்டா அவன்? செருப்புப் பிஞ்சிரும்” என்று கத்தினேன்.

பதிலுக்கு வலப்பக்கம் ஒரு விசில். பின்னால் ஒன்று. மேலே, நான் போகவேண்டிய பாதையில் இன்னொன்று. அத்தனை பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றி ஆள் நிற்கிறது, ஆனால் ஒரு சுள்ளி மிதிபடும் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் பெட்டியை முன்னால் இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

பத்தடி தள்ளி, காய்ந்து நின்ற மலைப்புல்லுக்கு நடுவில், செங்கல் நிறத்தில் ஒரு முகம் தெரிந்தது. நாய் முகம்தான், ஆனால் நாய்க்குரிய எதுவும் அதில் இல்லை. குரைக்கவில்லை. உறுமவில்லை. வாலை ஆட்டவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் பார்ப்பது போல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கறுத்த வாலை மட்டும் காட்டிப் போய்விட்டது.

குடிக்குப் போய் மூச்சு வாங்கச் சொன்னபோது மல்லன் சிரித்தான். இருபத்தைந்து வயதிருக்கும். தேனெடுப்பவன். மலையில் எனக்கு வழி காட்ட வருபவன் அவன்தான்.

“செந்நா நர்சம்மா. ஆளத் தொடாது. இந்தா போறது யாருன்னு கேட்டுக்கிருச்சு. இனி உங்களத் தெரியும் அதுக்கு.”

அது உண்மையோ என்னவோ, அதற்குப் பிறகு நான் ஏறும்போதெல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு விசில் கேட்கும். பழகிப்போனது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் கழுத்து மயிர் நிற்கும். ஆனால் கேட்காவிட்டால் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

ஒரே தொடை, ஒரே தடவை

குடியில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவில்லை, கண்ணி வைக்கவும் மாட்டார்கள். கறி வேண்டுமென்றால் செந்நாய் அடித்ததில் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை நானே பார்த்தேன். மாட்டளவு இருக்கும் மிளா மான் ஒன்றை ஓடைக்குள் தள்ளி அடித்துப் போட்டிருந்தன. பட்டப்பகல், செந்நாய்க்கு வேட்டை எல்லாம் பகலில்தான். மல்லனும் இன்னும் இருவரும் கையில் எதுவும் ஓங்காமல், பேசிக்கொண்டே நேராக நடந்து போனார்கள். தின்றுகொண்டிருந்தவை தலையைத் தூக்கின. வாயெல்லாம் ரத்தம். ஒன்று இரண்டு என்று பின்வாங்கி, கொஞ்ச தூரத்தில் வட்டமாக உட்கார்ந்துகொண்டன. பத்து இருக்கும். ஒரு சத்தம் இல்லை. பின்னந்தொடை ஒன்றை அறுத்து எடுத்துக்கொண்டு இவர்கள் திரும்பினார்கள். நான்கு எட்டு வைப்பதற்குள் அவை மறுபடியும் தின்ன ஆரம்பித்துவிட்டன.

அத்தனை பேர் சம்மதித்து நடக்கிற ஒரு காரியத்தில், யாரும் வாயைத் திறக்காமல் இருந்தது என்னை என்னவோ செய்தது.

“இன்னொரு தொடை எடுத்தா என்ன செய்யுமாம்?” என்று கேட்டேன்.

“எடுக்கக்கூடாது. ஒரு தொடை, ஒரு தடவை. மிச்சம் அதுகளுக்கு.”

“எடுத்தா?”

மல்லன் தொடையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான். இந்த ஆளுக்கு இவ்வளவும் விளக்க வேண்டியிருக்கிறதே என்கிற நடை.

முத்துக்காமு அண்ணனுக்கும் இந்த வழக்கம் தெரியும். பல வருடமாக அங்கே பட்டி போட்டவர். ஆனால் அவருக்குச் செந்நாய் என்றால் ஆகாது. வருடத்துக்கு ஒரு கன்றாவது போய்விடும். முன்பெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாயைக் கொன்று காட்டினால் பரிசு கொடுப்பார்களாம். “இப்பக் கொன்னா ஜெயிலுங்குறான்” என்று தலையில் அடித்துக்கொள்வார். அந்த வாரம் அவருடைய சினைப்பசு ஒன்றைக் கன்று போடுகிற நேரத்தில் சூழ்ந்துவிட்டன. பசுவின் பெயர் மயிலை. அவர் போய்ச் சேர்ந்தபோது அது நின்றுகொண்டுதான் இருந்ததாம். மேற்கொண்டு அவர் சொன்னதை நான் எழுதவில்லை. செந்நாய் தொண்டையைக் கடித்துக் கொன்றுவிட்டுத் தின்கிற சாதி இல்லை என்பது மட்டும் போதும்.

என் வாய்

இனி என் பங்குக்கு வருகிறேன்.

மல்லனின் மனைவி பேச்சி அப்போது ஏழு மாதம். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்த துணி மாதிரி இருந்தது. சத்து மாத்திரை கொடுத்தால் வாந்தி என்று அடுப்புச் சாம்பலில் போட்டுவிடுவாள். முந்தைய பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. இந்த முறை ரத்தம் ஊறாவிட்டால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகும் என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது குடியில் கறி வெந்துகொண்டிருந்தது. காலையில் மடுவுக்குப் பக்கத்தில் செந்நாய் ஒரு மிளா அடித்திருக்கிறது. மல்லன் தொடை அறுத்து வந்திருக்கிறான். ஒரு தொடையைப் பன்னிரண்டு வீடும் பங்கு போட்டால் என்ன வரும்? பேச்சியின் தட்டில் மூன்று துண்டு கிடந்தது.

என் வாய் சும்மா இருக்குமா?

“ஏன் மல்லா, அங்கன ஒரு மிளா முழுசாக் கிடக்கு. இங்கன உம் பொண்டாட்டி ரத்தமில்லாமக் கிடக்குறா. போயி இன்னொரு தொடைய எடுத்துட்டு வா.”

“ரெண்டாந்தடவ போகக்கூடாது நர்சம்மா.”

“நாய்க்கு நாயம் பாத்தா வயித்துப் புள்ளைக்கு யாரு பாக்குறது? போன தடவ மாதிரி இதையும் குழி வெட்டிப் புதைக்கப் போறியா?”

அப்படித்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மல்லன் கத்தியையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் போவதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. மூடநம்பிக்கை ஒன்றை முறித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் பதிவேட்டை எழுதி முடித்து, கீழே இறங்கி, ஓடைக்கரையில் முத்துக்காமு அண்ணனைப் பார்த்தது அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில்.

சத்தியம்

பையில் பிரசவத்துக்கு வைத்திருக்கும் சோப்பு இருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி, கையையும் முழங்கை வரையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். கழுவும்போதே கேட்டேன்.

“எதுல வச்சீக?”

கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

“அண்ணே, எதுல வச்சீக?”

“சொல்றேன். நீ யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. நான் உசுரோட இருக்குற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. வெளிய தெரிஞ்சா ஜெயிலு. மேய்ச்சலும் போயிரும். எம் மாடுகள நான் எங்கன கொண்டுபோய்க் கட்டுவேன்?”

“மாதா மேல சத்தியம்.”

“உம் மக தலையில அடிச்சுப் பண்ணு.”

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு ஒரே பிள்ளை. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகையா மருந்தா என்று தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

“எம் மக மேல சத்தியம். சொல்லுங்க.”

“மடுவுக்குப் பக்கத்துல மிளா கிடக்குல்ல, அதுல. அதுக நெழலுக்கு ஒதுங்குன நேரம் பாத்துக் கொட்டிப் பெசஞ்சு விட்டேன். தொடைய அறுத்துட்டுப் போயிருந்தான் பளியன். அவன் பங்க எடுத்துட்டான், இனி வரமாட்டான்னு பாத்துத்தான் தாயி வச்சேன். மனுசன் சாகணும்னு நான் நெனப்பேனா?”

அவர் அந்த வழக்கத்தை நம்பினார். நூற்றுக்கு நூறு நம்பினார். அதை ஒருவன் மீறுவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மீறச் சொல்லி அனுப்பியவள் நான்.

தடுப்பூசிப் பெட்டியை அவர் பக்கத்திலேயே போட்டுவிட்டு, திரும்பி மேலே ஓடினேன்.

மடு

பாதி தூரத்தில், மடுவுக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதையில் திரும்பியபோதுதான் கவனித்தேன். விசில் இல்லை. பட்சி இல்லை. என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

முதலில் பார்த்தது காகம். பாதை நடுவில் இறக்கையை விரித்துக் குப்புறக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு பாதை வளைந்ததும், மடு.

தண்ணீருக்குள் ஒரு செந்நாய் நின்றது. வயிறு வரை தண்ணீர். குடிக்கக் குனிகிறது, குடிக்க முடியவில்லை, வாயில் நுரை. மறுபடி குனிகிறது. என்னைப் பார்த்தது. அன்றைக்குப் போல மேலும் கீழும் பார்க்கவில்லை. நான் நிற்கும் இடத்தில் யாருமே இல்லை என்பது போல, எனக்குப் பின்னால் பார்த்தது.

கரையில் நான்கைந்து ஒருக்களித்துக் கிடந்தன. செத்துவிட்டன என்று நினைத்தேன். பிறகு கால்களைப் பார்த்தேன். படுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தன. அத்தனை காலும் ஒரே வேகத்தில், மானைத் துரத்துவது போல, காற்றில் ஓடிக்கொண்டிருந்தன.

நடுவில் மிளா. தை வெயிலில் திறந்து கிடக்கும் உடம்பில் ஈ மொய்க்க வேண்டும். ஒரு ரீங்காரம்கூட இல்லை. கிட்டப் போனதும் தெரிந்தது. வந்த ஈக்கள் எல்லாம் சுற்றிலும் கறுப்பு எள்ளாக உதிர்ந்து கிடந்தன.

மல்லன் மிளாவின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது தொடையை அறுத்துச் சாக்கில் போட்டு மடியில் வைத்திருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“நர்சம்மா,” என்றான். “ரெண்டாந்தடவ வந்தேன்.”

“மல்லா, அதக் கீழ போடு.”

“நான் அறுக்குறப்ப ஒவ்வொண்ணா எங்கிட்ட வந்துச்சுக. கடிக்க வரல. எம் முன்னால வந்து படுத்துச்சுக. படுத்துக்கிட்டு ஓடுதுக பாருங்க. நான் ரெண்டாந்தடவ வந்ததுக்குத்தான்.”

சாக்கைத் தூரத் தூக்கி எறிந்தான். எறிந்த பிறகும் கை அப்படியே நீட்டியபடி நின்றது.

நான் வாயைத் திறந்தேன். மருந்துடா, மருந்து வச்சிருக்கு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அங்கே இருந்தது ஒரே ஒரு மாட்டுப்பட்டி. மருந்து என்று சொன்னால், யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. என் மகளின் தலை கண் முன்னால் வந்தது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்.

கறியைத்தான் எறிந்துவிட்டானே, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் நினைத்துக்கொண்டதே என் சத்தியத்துக்கு வசதியாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், வசதியாகத்தான் இருந்தது.

அதோடு விடவில்லை நான். அவன் கையைக் கழுவ வைக்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் கறியைத் தொடாமல், அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அவனுடைய பேச்சிலிருந்தே எடுத்தேன்.

“தீட்டு மல்லா. ரெண்டு கையையும் மேல் ஓடையில சோப்புப் போட்டுக் கழுவு. கறி, நாய் எதையும் கையால தொடாம, கம்பால தள்ளி ஒரே குழியில மூடுங்க. ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளு வரக்கூடாது. தீட்டு.”

மூடநம்பிக்கையை முறிக்கப் போனவள் சொன்னது இது.

அன்று சாயங்காலத்துக்குள் குடியிலிருந்த ஆண்கள் குழி வெட்டி மூடினார்கள். மடுவிலும் கரையிலுமாக ஒன்பது. தண்ணீரில் நின்றது கடைசியில் விழுந்தது. முத்துக்காமு அண்ணன் நடந்தே கீழே போனார். ஆஸ்பத்திரியில் வயலில் மருந்து அடித்ததாகச் சொல்லி இரண்டு நாள் படுத்துப் பிழைத்துக்கொண்டார். மறுவருடம் அவர் மலை ஏறவில்லை.

கணக்கெடுக்க வந்த பெண்

பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் நல்லபடியாக இருந்தன. குழந்தைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் மல்லன் குடும்பத்தோடு குடியை விட்டுப் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. அவன் கையால் தேன் வாங்கத் தயங்கினார்கள், அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

சில வருடங்கள் கழித்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி மாணவி. செந்நாய்கள் அழிந்துகொண்டு வருகின்றனவாம், எங்கே எத்தனை மிச்சம் என்று பார்க்க வந்திருக்கிறாளாம். பாதையில் கிடக்கும் விலங்கு எச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எழுதிக்கொள்வாள். என் சுகாதார நிலையத்தில்தான் தங்கினாள்.

“இந்த மலைல ஒரு கூட்டம் இருந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். இப்ப ஒரு எச்சம்கூட இல்ல. என்ன ஆச்சு?”

“தெரியலம்மா.”

“ஒரு கூட்டம் போயிட்டா இன்னொண்ணு வர்றது கஷ்டம். நடுவுல ரோடு, தேயிலை, ஊரு. அது எப்படித் தாண்டி வரும்? ஊர் நாய்கிட்டருந்து நோய் ஏதும் பரவுச்சா?”

“இருக்கலாம்,” என்றேன்.

அதை எழுதிக்கொண்டாள். நல்ல பெண். ஒரு மாதம் காலையும் மாலையும் ஏறி இறங்கினாள். கிளம்பும்போது அவள் பைகள் காலியாகவே இருந்தன. விசில் கேட்டால் எழுதச் சொல்லி எனக்கு ஒரு நோட்டும் கொடுத்தாள். நான் எதுவும் எழுதவில்லை, எழுத எதுவும் இல்லை. மலை ஏறும்போது நானே சில நாள் நாக்கை மடித்து விசில் அடித்துப் பார்ப்பேன். அடித்துவிட்டு நிற்கும்போது, பதில் வருமோ என்று பயமாக இருக்கும். வராதபோது அதைவிடப் பயமாக இருக்கும்.

லயத்து வாசல்

மேலும் பல வருடம் கழித்து, முத்துக்காமு அண்ணன் இறந்துபோனார் என்று சேதி வந்தது. சாதாரண வயோதிகம். மாலை வாங்கிக்கொண்டு போனேன். என் மகளுக்கு அப்போது கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. சுகமாக இருந்தாள். சத்தியம் முடிந்தது.

அடுத்த வாரமே மல்லனைத் தேடிப் போனேன். மலையைத் தாண்டி இரண்டு பஸ், ஒரு ஜீப். ஏலத்தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், கடைசி வீடு. முடி நரைத்து, முதுகு வளைந்து, என்னைவிட மூத்தவன் போல இருந்தான். பேச்சி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார்கள். அதை ஆற விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குருணை மருந்து, முத்துக்காமு, என் சத்தியம், நான் சொன்ன தீட்டு.

“உம் மேல தப்பு இல்ல மல்லா. நீ ரெண்டாந்தடவ போனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அழுவான், இல்லை திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் அவன் சுமந்ததை இறக்கிவைக்க வந்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு இருந்தது எனக்கு.

அவன் பேச்சியைப் பார்த்தான். பேச்சி அவனைப் பார்த்தாள்.

“அப்ப மருந்துதானா?” என்றான்.

“மருந்துதான்.”

“மருந்துன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா, குட்டிகளையாவது எடுத்திருப்போம்.”

“எந்தக் குட்டி?”

“பாறைக்கடியில பொந்துல செந்நா குட்டி போட்டிருந்துச்சு. எங்க எல்லாத்துக்கும் தெரியும். மடுவுக்கு மேல, கூப்பிடு தூரம். ஆட்டுப்பால் ஊத்தி வளத்திருப்போம். எங்கப்பன் ஒண்ண அப்படி வளத்தவருதான்.” குரலில் கோபமே இல்லை. “தீட்டு, அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னீக. சாபம்னு ஒருத்தரும் போகல.”

“மூணு நாளுக் கத்துச்சுக நர்சம்மா,” என்றாள் பேச்சி. “விசிலு மாதிரியே. ஆனா சின்னதா. குடி பூரா கேட்டுச்சு. வயித்துப் புள்ளயோட நான் காதப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன். நாலாம் நாளு கேக்கல.”

சாயா ஆறிவிட்டது என்று வேறு போடப் போனாள். மல்லன் எழுந்து, ஜீப் வரும் நேரம் பார்க்க ரோட்டுக்குப் போனான். அவர்கள் வீட்டு வாசலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். எல்லாம் நன்றாக ஞாபகம் இருந்தது. வியாழக்கிழமை நிலையத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதினேன். வெள்ளிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய், யார் பெயரையும் சொல்லாமல், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து ஒப்புக்கொண்டேன். அந்த ஆள் பிழைத்தானா என்று சாமியார் கேட்டார், பிழைத்தான் என்றேன், ஜெபமாலை சொல்லச் சொன்னார். மனசு லேசாகிவிட்டது. சனிக்கிழமை லீவு போட்டு, சத்தியம் காப்பாற்றிய சந்தோஷத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு வைகை அணைக்குப் போனேன். பூங்காவில் கூட்டமே இல்லை. ஊஞ்சலில் உட்காரவைத்து வெகுநேரம் ஆட்டிவிட்டேன். இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று கத்தினாள். ஆட்டிவிட்டேன்.